மேசை மேல் ஓர் அமானுஷ்யம்: வாசகர் கேள்வி–பதில்

மேசை மேல் ஆடும் திகில் விளையாட்டுகளுக்கும் பல்ப் (மலிவுப் பத்திரிகைக் கதைப் பாணி) சாகச விளையாட்டுகளுக்கும் மினியேச்சர் என்னும் சிறு உருவங்கள் தேடுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கே: 1920களில் நடக்கும் திகில் விளையாட்டு ஒன்றை நண்பர்களோடு தொடங்கப்போகிறேன். துப்பறிபவர்கள், ரகசிய வழிபாட்டுக் கூட்டம், ஒன்றிரண்டு அரக்கர்கள் வேண்டும். எங்கிருந்து வாங்கத் தொடங்குவது?

ப: அரக்கர்களில் தொடங்காதீர்கள். கண்ணைப் பறிப்பது அவைதான் என்பதால் முதல் பணம் அங்கேதான் போகும். கடைசியில் அலமாரி நிறையப் பிசாசுகள் இருக்கும், அவற்றைக் கண்டு அலறி ஓட ஒரு ஆள் இருக்க மாட்டான். திகில் விளையாட்டின் மேசையில் முக்கால்வாசி நிற்பது சாதாரண மனிதர்கள்: தொப்பி போட்ட பேராசிரியர், பத்திரிகைக்காரி, போலீஸ்காரர், டாக்சி ஓட்டுநர், கல்லறைக் காவலாளி. 'ஹாரர்' என்று பெயரிட்ட அடுக்கில் இவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

முதலில் விளையாடப்போகும் 3 காட்சிகளைத் தாளில் எழுதிக்கொண்டு தலை எண்ணுங்கள். பெரும்பாலும் துப்பறிபவர்கள் 4 முதல் 6, கூட்டத்தார் 6 முதல் 8, அவர்களுக்கு ஒரு தலைவன், பொதுமக்கள் 5 அல்லது 6, பெரிய அரக்கன் ஒன்று. ஏறக்குறைய இருபது உருவங்களில் முதல் சில மாதங்கள் ஓடிவிடும்.

மனிதர்களுக்கு நேராகப் போக வேண்டிய இடங்கள் சில உண்டு. கனடாவின் பல்ப் ஃபிகர்ஸ் (பாப் மர்ச் செதுக்குபவை) முழுக்க இந்தக் காலத்துக்கானது. அங்கே தாதாக்கள், காடு சுற்றும் ஆய்வாளர்கள், விமானிகள் எல்லாம் உண்டு. இங்கிலாந்தின் ஆர்ட்டிசன் டிசைன்ஸில் 'திரில்லிங் டேல்ஸ்' வரிசையைப் பாருங்கள். காப்பிள்ஸ்டோனின் 'பேக் ஆஃப் பியாண்ட்' வரிசை 1920களின் மத்திய ஆசியா, சீனம், ரஷ்ய உள்நாட்டுப் போர் பக்கம் போகும். அமெரிக்காவின் ரீப்பர் நிறுவனத்தில் நவீன, பல்ப், விஞ்ஞானக் கதை உருவங்களை எல்லாம் 'க்ரோனோஸ்கோப்' என்ற பெயரில் தனியாக வைத்திருக்கிறார்கள். 'கால் ஆஃப் கதுல்ஹு' என்ற திகில் விளையாட்டின் உரிமம் பெற்று உலோக உருவங்கள் வார்த்த இன்னொரு கனடிய நிறுவனம் ராஃப்ம்.

தேடும்போது 'ஹாரர்' என்று மட்டும் தட்டாமல் 'சிவிலியன்', 'எக்ஸ்ப்ளோரர்', 'கேங்ஸ்டர்', 'விக்டோரியன்' என்றும் தட்டிப் பாருங்கள். வரலாற்றுப் போர் உருவங்களின் அடுக்கில்தான் உங்களுடைய ஆட்களில் பாதிப் பேர் ஒளிந்திருக்கிறார்கள்.

கே: 28 மி.மீ., 32 மி.மீ., ஹீரோயிக், 1/56, 1/48... தலை சுற்றுகிறது. எதையெல்லாம் ஒன்றாக நிறுத்தலாம்?

ப: 28 மி.மீ. என்பது விகிதமல்ல, உருவத்தின் உயர அளவு; 1/56 போன்றவைதான் விகிதம். பாதத்திலிருந்து கண் வரைக்கும் என்பது பழைய வழக்கம். உச்சந்தலை வரைக்கும் அளப்பவர்களும் உண்டு. ஒரே எண்ணைப் போட்டிருக்கும் இரண்டு நிறுவனங்களின் ஆட்கள் தோளுக்குத் தோள் ஒத்துப்போகாததற்கு முதல் காரணம் இது.

175 செ.மீ. உயரமுள்ள ஆளைச் சுருக்கினால் 1/72இல் 24 மி.மீ., 1/64இல் 27, 1/56இல் 31, 1/48இல் 36, 1/43இல் 40 மி.மீ.க்குச் சற்று மேல் என்று வரும். கண் வரை 28 மி.மீ. உள்ள உருவம் உச்சந்தலை வரை ஏறக்குறைய 30 இருக்கும். ஆகவே 1/56 அதற்குப் பக்கத்து வீடு. 1/48 ஆள் அதன் அருகே நின்றால் கூடைப்பந்து வீரர். 1/72 ஆள் பள்ளிக்கூடப் பையன். (பல விளையாட்டுகளில் சிறுவர் உருவம் கிடைக்காமல் திண்டாடுபவர்கள் இந்தக் கடைசி வரியைக் குறித்துக்கொள்ளவும்.)

உயரத்தை விட முக்கியமானது பருமன். 'ஹீரோயிக்' வகையில் தலை, கை, துப்பாக்கி மூன்றும் வேண்டுமென்றே ஊதிப் பெருத்திருக்கும். தலையை மட்டும் பாருங்கள்: இரண்டு உருவங்களின் தலைகள் ஒரே அளவாக இருந்தால் உயரம் 2 மி.மீ. முன்பின் இருந்தாலும் கண் மன்னித்துவிடும். தலை பெரிதாக இருந்தால் உயரம் ஒத்திருந்தும் ஒட்டாது.

உயர வித்தியாசத்தை அடித்தட்டில் சரிக்கட்டலாம். குள்ளமானவரின் காலடியில் 1.5 மி.மீ. பிளாஸ்டிக் தகடோ கார்க் துண்டோ ஒட்டி மேலே மணல் தூவிவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே விட்டமும் ஒரே தடிமனும் கொண்ட வட்ட அடித்தட்டு கொடுங்கள். மனிதர்களுக்கு 25 மி.மீ., பெரியவற்றுக்கு 40 அல்லது 50 போதும். ஆறு நிறுவனங்களின் ஆட்களை ஒரே குடும்பமாக்குவதில் பாதி வேலையை இந்த அடித்தட்டே செய்துவிடும்.

கே: பேய்க்கு எத்தனை மி.மீ. அடித்தட்டு?

ப: காலே இல்லாததற்கு அடித்தட்டு எதற்கு என்று கேட்காமல் விட்டீர்களே! 25 போதும். ஒளிபுகும் அக்ரிலிக் வட்டு கிடைத்தால் இன்னும் நல்லது, தரையில் படாமல் மிதப்பது போலத் தெரியும்.

கே: உலோகம், ரெசின் (இறுகும் செயற்கைப் பிசின்), வளைகிற பிளாஸ்டிக், கெட்டி பிளாஸ்டிக் இவற்றில் எதை வாங்குவது? வாங்கிய சிலவற்றில் ஈட்டியும் துப்பாக்கியும் வாழைநார் மாதிரி வளைந்து கிடக்கின்றன.

ப: தாதாக்கள், ஆய்வாளர்கள் போன்ற சிறிய வரிசைகள் பெரும்பாலும் வெள்ளீயக் கலவை உலோகத்தில்தான் வருகின்றன. ரப்பர் அச்சில் சுழற்றி வார்ப்பதற்கு ஆகும் செலவு குறைவு, நூறு பிரதி விற்றாலும் கட்டுப்படியாகும். கெட்டி பிளாஸ்டிக்குக்கு வேண்டிய எஃகு அச்சின் விலையே வேறு. அதனால் ஆயிரக்கணக்கில் விற்கும் என்று தெரிந்த சரக்குதான் அதில் வரும். கெட்டி பிளாஸ்டிக்கில் ஜாம்பிகள் எளிதில் கிடைப்பதும் துப்பறியும் பாட்டி கிடைக்காததும் இதனால்தான்.

உங்கள் வளைந்த ஈட்டி பிவிசி, அதாவது வளைகிற பிளாஸ்டிக். போர்டு கேம் பெட்டிகளில் வரும் உருவங்களும் ரீப்பரின் 'போன்ஸ்' போன்றவையும் இந்தக் குடும்பம். கொதித்து இறக்கிய தண்ணீரில் 20 முதல் 30 விநாடி முக்குங்கள். இடுக்கியால் எடுத்து நேராக்கிப் பிடித்தபடியே பனிக்கட்டி போட்ட தண்ணீரில் இறக்குங்கள். சுடுநீரிலிருந்து எடுத்த பிறகு உங்களுக்கு இருப்பது நாலைந்து விநாடிதான், ஆகவே இரண்டு பாத்திரமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். நாளடைவில் திரும்பவும் வளைந்தால் அந்த ஈட்டியை வெட்டிவிட்டு 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி வையுங்கள்.

பசை விஷயத்தில் ஒன்றுதான். பிளாஸ்டிக் சிமென்ட் கெட்டி பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுவது; பிவிசி, ரெசின், உலோகம் மூன்றிலும் அது வேலைக்காகாது. அங்கெல்லாம் சூப்பர் க்ளூ.

கே: பிவிசி உருவத்துக்கு ஸ்ப்ரே பிரைமர் (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்தேன். ஒரு வாரம் ஆகியும் பிசுபிசுக்கிறது. பிரைமர் பழசா?

ப: பிரைமர் மேல் பழி வேண்டாம். பிவிசியை வளையும்படி செய்ய அதில் கலந்திருக்கும் பொருளும் ஸ்ப்ரேயின் கரைப்பானும் சேர்ந்து மேற்பரப்பை இளக்கிவிடுகின்றன. சில பிராண்டுகளில் இது நடக்கும், சிலவற்றில் நடக்காது. காத்திருப்பதால் காயாது. அக்ரிலிக் வண்ணத்தை நேரடியாக மேலே பூசினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் உரித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். அடுத்த முறை பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவிக் காயவைத்து, தூரிகையால் பூசும் தண்ணீர் சார்ந்த பிரைமர் பூசுங்கள். முதல் பூச்சில் தண்ணீர் கலக்காதீர்கள், பிவிசி அதை முத்து முத்தாக உருட்டித் தள்ளிவிடும். அடிப்பகுதியில் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது எந்தப் பிரைமருக்கும் நல்லது.

கே: பழைய உலோக உருவங்கள் ஒரு பெட்டி நிறையச் சல்லிசாக வருகிறது. சிலவற்றில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. வாங்கலாமா?

ப: அந்தப் பொடிதான் ஈய நோய். ஈயம் கலந்த பழைய வார்ப்புகளை அமில ஆவி அரித்து ஈயக் கார்பனேட்டாக மாற்றுகிறது. ஆவி வருவது பெரும்பாலும் அவற்றை வைத்திருக்கும் பெட்டியிலிருந்தே: ஓக் மரம், காயாத மரப்பலகை, வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் பசை போன்றவை. அழகான மர அலமாரியில் பூட்டிப் பாதுகாத்த சேகரிப்பு, பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி வைத்ததை விட மோசமாகக் கெடுவதுண்டு.

ஈயமா என்று பார்க்க உருவத்தை வெள்ளைத் தாளில் இழுத்துப் பாருங்கள். பென்சில் போலச் சாம்பல் கோடு விழுந்தால் ஈயம் தாராளமாக இருக்கிறது. வெள்ளீயம் அதிகமுள்ள கலவையில் ஒரு மெல்லிய பாகத்தைக் காதருகே வைத்து வளைத்தால் 'நறுக் நறுக்' என்று சின்ன முறுமுறுப்பு கேட்கும். ஈயம் சத்தமில்லாமல் வளையும்.

பொடி மேலாக மட்டும் இருந்தால் கையுறை போட்டு, தண்ணீருக்கு அடியில் வைத்துத் தேயுங்கள். உலர்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும், அது விஷம். காய்ந்ததும் பிரைமர், வண்ணம், வார்னிஷ் பூசிக் காற்றோட்டமான பிளாஸ்டிக் அல்லது உலோகப் பெட்டிக்கு மாற்றுங்கள். முகமே அரித்துப்போயிருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். குழந்தைகள் கைபடும் இடத்தில் ஈய உருவம் கூடவே கூடாது.

பழைய வண்ணத்தை உரிக்க உலோகத்துக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும்: 91 சதவீதத்துக்கு மேல், மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் ஓர் இரவு, பிறகு பல்துலக்கி. தீப்பற்றும் சரக்கு, அடுப்புப் பக்கம் வேண்டாம். கெட்டி பிளாஸ்டிக்கும் இதைத் தாங்கும். ரெசின் என்றால் ஒரு மூலையில் சோதித்துவிட்டு 15, 20 நிமிடத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள். அசிட்டோன் உலோகத்துக்கு மட்டும். உலோக உடலில் பிளாஸ்டிக் அடித்தட்டு ஒட்டியிருப்பதை மறந்து அசிட்டோனில் போட்டால் கூழ்தான் கையில் வரும்.

கே: வண்ணம் பூசத் தெரியாது, பொறுமையும் இல்லை. வழி உண்டா?

ப: உண்டு. விஸ்கிட்ஸ் நிறுவனம் 2006இல் 'ஹாரர்கிளிக்ஸ்' என்று வண்ணம் பூசிய உருவங்களாகவே விற்றது. அதே வீட்டின் 'ஹீரோகிளிக்ஸ்' 2002 முதல் வருகிறது. பழைய கிளிக்ஸ் உருவங்கள் உதிரியாகக் கைமாறுகின்றன. அவற்றின் அடியில் இருக்கும் சுழலும் எண் வட்டை அகற்ற, காலடியைச் சுடுநீரில் அரை நிமிடம் வைத்து, கூரிய கத்தியைக் கிடைமட்டமாகச் செலுத்துங்கள். கால் விரல் பக்கமிருந்து குதிகால் பக்கமாகச் சிறிது சிறிதாக அறுத்தால் கணுக்கால் தப்பிக்கும். பிறகு 25 மி.மீ. அடித்தட்டு, பழுப்பு வாஷ் (நீர்த்த வண்ணம்) ஒரு பூச்சு, மேலே மேட் வார்னிஷ். பளபளப்பு போனாலே பொம்மை போன்ற தோற்றம் பாதி போய்விடும். உருவங்கள் 28 மி.மீ.க்குச் சற்றுப் பெரியவை. அரக்கர்களாக எடுத்தால் பிரச்சினை இல்லை, மனிதர்களை அளந்து எடுங்கள்.

கே: போர்டு கேம் பெட்டியை உருவங்களுக்காகவே வாங்குவது புத்திசாலித்தனமா?

ப: ஜாம்பிக் கும்பலுக்கு ஆம். மொத்த விலையை நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் தலைகளால் வகுத்துப் பாருங்கள், பெட்டியில் உள்ள தலைகளால் அல்ல. ஜாம்பி அறுபது இருந்தும் அச்சு ஆறுதான் என்றால் ஒரே முகம் பத்துத் தடவை வரும். சுடுநீரில் கை, தலையைக் கொஞ்சம் திருப்பி, சட்டை நிறத்தை மாற்றினால் இரண்டடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

கே: தலைமறைப்பு போட்ட வழிபாட்டுக் கூட்டம் எட்டுப் பேர் வேண்டும். கிடைப்பவையெல்லாம் ஒரே மாதிரி கத்தியைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன.

ப: இடைக்காலத் துறவிகளின் உலோகப் பொதிகளைப் பாருங்கள். அங்கி, கயிற்று இடுப்புக்கட்டு, கையில் மெழுகுவர்த்தியோ புத்தகமோ என்று எல்லாம் தயாராக இருக்கும். சிலுவையை மட்டும் சீவிவிட்டால் ஆள் மாறிவிடுவார். ஆனால் பல்ப் மேசையில் இன்னும் பயமூட்டுவது, கோட்டு சூட்டு போட்டுத் தலையில் மட்டும் மறைப்பு அணிந்த ஊர்ப் பெரிய மனிதர்தான். அதை நீங்களே செய்யலாம்.

ஏதாவது ஒரு 1920கள் சிவிலியன். தொப்பியை வெட்டி எறிந்து மண்டையை அரத்தால் உருட்டிவிடுங்கள். பச்சை எபாக்சி பட்டி ஒரு தலைக்கு 8 மி.மீ. உருண்டை போதும். நீலமும் மஞ்சளும் பட்டையாக ஒட்டி வருவதென்றால் இரண்டும் சந்திக்கும் நடுக்கோட்டில் 2 மி.மீ. வெட்டி எறியுங்கள். அங்கே முன்பே கெட்டியான துகள் இருக்கும், பின்னால் அது மூக்குத்தி மாதிரி துருத்தும். சம அளவு பிசைந்து அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். கையில் ஒட்டுவது குறையும். ஈரமான பிளாஸ்டிக் தாளில் 0.7 மி.மீ. தடிமனுக்கு உருட்டி, அரைவட்டமாக வெட்டி, நேர் விளிம்பு முகத்துக்கு மேல் வரும்படி போர்த்துங்கள். பின்னால் சேரும் தையலைத் தண்ணீர் தொட்ட கருவியால் தடவி மறைக்கலாம். மடிப்புகள் உச்சியிலிருந்து தோளை நோக்கி விரியட்டும், மூன்று மடிப்பு போதும். மடிப்பு அதிகமானால் முட்டைக்கோஸ். முழுதும் இறுக 24 மணி நேரம். முகத்துக்குக் கண்ணும் மூக்கும் செதுக்க மெனக்கெடாதீர்கள், உள்ளே கறுப்பு பூசிவிட்டால் தீர்ந்தது.

எட்டுப் பேருக்கும் எட்டு உடை இருக்கட்டும், அங்கியின் நிறம் மட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

கே: அச்சிடும் கோப்பு வாங்கி 3டி பிரிண்டரில் எடுத்தால் எல்லாம் தீர்ந்ததுதானே?

ப: கோப்பு தீர்ந்தது, வேலை தொடங்குகிறது. முதலில் உரிமம்: வீட்டு உபயோகத்துக்கு என்று வாங்கிய கோப்பை அச்சிட்டு விற்கக் கூடாது. விற்பவரிடம் வாங்குவதானால் அவரிடம் வணிக உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். உரிமம் வாங்கியவர் நேராகக் காட்டுவார்.

32 மி.மீ.க்குச் செதுக்கிய கோப்பை 28 மி.மீ. ஆக்க 87.5 சதவீதம். எல்லாமே அதே விகிதத்தில் மெலியும். 0.8 மி.மீ. இருந்த துப்பாக்கிக் குழல் 0.7 ஆகும், அச்சிடும்போது உருவத்தைத் தாங்கும் பிடிமானத் தூணைக் கிள்ளும்போது அதுவும் சேர்ந்து போகும். மெல்லிய உறுப்புகள் அதிகமென்றால் சாதாரண ரெசினில் வளையும் வகை ரெசினை 10 முதல் 20 சதவீதம் கலப்பது வழக்கம். அடுக்கு உயரம் 0.05 மி.மீ. போதும், முகம் முக்கியமென்றால் 0.03. இழை உருக்கும் பிரிண்டரில் மனித முகம் எடுக்க முயன்று மனம் நோக வேண்டாம். அது கல்லறைக்கும் கட்டடத்துக்கும்.

அச்சிட்ட அரக்கன் ஒரு மாதம் கழித்துத் தானாகப் பிளந்ததாக இன்னொருவர் எழுதியிருந்தார். உள்ளீடற்று அச்சிட்டு, உள்ளே தங்கிய ஈர ரெசினை வடிக்காததுதான் காரணம். சுவர் 2 மி.மீ., எதிரெதிராக 3 மி.மீ. துளை இரண்டு, ஆல்கஹாலை உள்ளே பாய்ச்சிக் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே புற ஊதா விளக்கு. மனித உருவங்களை உள்ளீடற்றதாக்கவே வேண்டாம், திடமாக எடுங்கள். ஈர ரெசினைத் தொட நைட்ரைல் கையுறை, திறந்த சன்னல். இதில் சலுகை கிடையாது.

கே: ஒரே கடல் தெய்வத்தை, அந்த விழுதுத் தாடிக்காரரை, எப்படி இத்தனை நிறுவனங்கள் விற்கின்றன?

ப: அவர் பெயர் கதுல்ஹு. அவரைப் படைத்த அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் 1937இல் இறந்தார். எழுத்தாளர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை தரும் நாடுகளில் 2008 ஜனவரி 1 முதல் அவர் எழுத்து பொதுச் சொத்து. ஆனால் ஒரு விளையாட்டின் பெயர், முத்திரை, அதற்கென்றே வரைந்த பாத்திரங்கள் இன்னும் அந்தந்த நிறுவனத்தின் உடைமை. பெட்டியில் 'ஆழ்கடல் மூத்தவர்' போன்ற சுற்றிவளைத்த பெயர்களைப் பார்த்தால் காரணம் இதுவே.

கே: போலி வார்ப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: அசலிலிருந்து சிலிக்கான் அச்செடுத்து மறுபடி வார்க்கும்போது உருவம் லேசாகச் சுருங்கும், கூர்மை மழுங்கும். பொத்தான்களையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். இடுக்கில் சவ்வு, மூக்கு நுனியில் காற்றுக் குமிழி, அச்சின் இரு பாதியும் அரை மி.மீ. விலகி நிற்பது என்றால் சந்தேகப்படுங்கள். விலை பாதிக்குக் கீழே, உறையில் தயாரிப்பாளர் பெயர் இல்லை என்றால் போலிதான், அதில் சந்தேகமே வேண்டாம்.

கே: தாதாக்களுக்கு கார் வேண்டும். 1/43 டை-காஸ்ட் (உலோக வார்ப்பு) பொம்மைக் கார்கள் எளிதாகக் கிடைக்கின்றன. சரிப்படுமா?

ப: கணக்குப்படி பெரிது, கண்ணுக்குப் பழுதில்லை. உருவம் 2, 3 மி.மீ. அடித்தட்டில் ஏறி நிற்பதால் கணக்குச் சரியான 1/56 கார் குட்டியாகத் தெரியும். 1/48, 1/50 சிறந்தவை. பெட்டிக்குள் அடங்குவதற்காக விகிதத்தை இழுத்தும் குறுக்கியும் செய்த பொம்மைக் கார்கள் நிறைய உண்டு. அதனால் எண்ணை நம்பாமல் உருவத்தைப் பக்கத்தில் நிறுத்துங்கள். 1920களின் கார்கள் உயரமானவை. ஆளின் உச்சந்தலை கூரையை ஒட்டியோ சற்றுக் கீழேயோ வந்தால் வாங்கலாம். கூரை தோளுக்குக் கீழே இருந்தால் வைத்துவிடுங்கள். சின்னக் குறிப்பு: தாதாக்களின் தாம்சன் இயந்திரத் துப்பாக்கி சந்தைக்கு வந்ததே 1921இல். 1919இல் நடக்கும் காட்சியென்றால் அந்தக் காரின் சன்னலில் ஷாட்கன்தான் நீட்ட வேண்டும்.